கைகழுவும் தொட்டிவரை ஒரு தேடல்



2011 ஜூன் மாதம், நியூயார்க் மருத்துவமனை ஒன்றிலிருந்து ஒரு பெண் நோயாளி பெதஸ்டாவுக்கு மாற்றப்பட்டார். வாஷிங்டனை ஒட்டிய அந்த ஊரில்தான் அமெரிக்கத் தேசிய சுகாதார நிறுவனத்தின் மருத்துவமனை இருக்கிறது. அவர் உடலில் இருந்தது கிளெப்சியெல்லா நிமோனியே என்ற பாக்டீரியா. ஏறக்குறைய எந்த ஆன்டிபயாடிக்குக்கும் அடங்காத வகை. மருத்துவர்களுக்கு இது முன்பே தெரியும். தனி அறை, கையுறை, மேலங்கி என்று எல்லாக் காவலும் போட்டார்கள். ஜூலை நடுவில் அவர் அங்கிருந்து கிளம்பினார். மூன்று வாரம் கழித்து இன்னொரு நோயாளியிடம் அதே வகைக் கிருமி. பிறகு ஏறத்தாழ வாரத்துக்கு ஒருவர். மொத்தம் 18 பேர். அவர்களில் 11 பேர் இறந்தார்கள். 6 பேரின் சாவுக்கு இந்தக் கிருமியே காரணம் என்று முடிவானது.

முதல் நோயாளியிடமிருந்து பரவியதா, வெளியிலிருந்து புதிதாக நுழைந்ததா? அமெரிக்க மருத்துவமனைகளில் ஏற்கெனவே பரவியிருந்த வகை அது. வழக்கமான சோதனையில் எல்லாம் ஒன்றுபோலவே தெரியும். அதே நிறுவனத்தின் ஆய்வாளர்கள் ஜூலி செக்ரே, இவான் ஸ்னிட்கின் ஆகியோரின் குழு, ஒவ்வொரு நோயாளியிடமும் எடுத்த கிருமியின் மரபணுத் தொகுதியை முழுமையாகப் படித்தது. சுமார் 60 லட்சம் எழுத்துகள்.

இதன் அடிப்படை நமக்குப் பழகியதுதான். உ.வே.சாமிநாதையர் ஏட்டுச்சுவடிகளை ஒப்பிட்டதை நினைத்துப் பாருங்கள். ஒருவர் செய்த எழுத்துப் பிழை, அவர் ஏட்டைப் பார்த்துப் படியெடுத்த ஏடுகளிலெல்லாம் தொடரும். எந்தச் சுவடி எதன் வழிவந்தது என்பதைப் பிழைகளே காட்டிவிடும். பாக்டீரியாவும் பெருகும்போது அபூர்வமாக ஓர் எழுத்தைப் பிசகாகப் படியெடுக்கிறது. பெதஸ்டாவில் அப்படி வேறுபட்ட இடங்கள் மொத்தமே 41.

அந்த 41 இடங்கள் கதையை மாற்றிவிட்டன. எல்லாம் முதல் நோயாளியிடமிருந்தே கிளைத்தவை; அதுவும் ஒருமுறை அல்ல, தனித்தனியாக மூன்று முறை. கிருமி கண்டுபிடிக்கப்பட்ட வரிசை வேறு, பரவிய வரிசை வேறு. சிலர் எந்த அறிகுறியும் இல்லாமல் வாரக்கணக்கில் அதைச் சுமந்திருக்கிறார்கள். சுத்தம் செய்து வைத்திருந்த ஒரு வென்டிலேட்டரிலும், கைகழுவும் தொட்டிகளின் வடிகாலிலும் அது இருந்தது. மருத்துவமனை புதிதாகச் சுவர் எழுப்பியது, அறைகளுக்குள் ஹைட்ரஜன் பெராக்சைடு ஆவியைச் செலுத்தியது, குழாய்களைப் பெயர்த்தெடுத்தது, ஊழியர்கள் கை கழுவுகிறார்களா என்று பார்க்கவே ஆட்களை நிறுத்தியது.

2012 ஆகஸ்டில் இதையெல்லாம் ஆய்வுக் கட்டுரையாக வெளியிட்டார்கள். ஏன் இத்தனை தாமதம் என்று கண்டனம் எழுந்தது. அது நியாயமான கேள்வி. ஆனாலும், தங்கள் கூரையின் கீழ் நடந்த மரணங்களை வரைபடம் போட்டுக் காட்டிய அந்தத் துணிவை நான் பெரிதாக மதிக்கிறேன். அவர்கள் மறைத்திருந்தால், வடிகாலைச் சந்தேகிக்க வேண்டும் என்று எத்தனை மருத்துவமனைகளுக்குத் தோன்றியிருக்கும்?

அதே மருத்துவமனை 2018இல் இன்னொன்றையும் வெளியிட்டது. ஸ்ஃபிங்கோமோனாஸ் கொரியென்சிஸ் என்ற பாக்டீரியா, பத்தாண்டுகளாக அங்கொன்றும் இங்கொன்றுமாக 12 நோயாளிகளைத் தாக்கியிருந்தது. அவர்களுக்குள் எந்தத் தொடர்பும் இல்லை என்றே தோன்றும். மரபணு வரிசையோ, கட்டடத்தின் குடிநீர்க் குழாய்களைக் காட்டியது. வெந்நீரின் சூடும் குளோரின் அளவும் கூட்டப்பட்டன.

கட்டடத்துக்கு வெளியே போனால் கேள்வி பெரிதாகிறது. கிழக்கு இங்கிலாந்தில் 20 கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையங்களை ஆராய்ந்தார்கள். மருத்துவமனைகளுக்கே உரிய என்டெரோகாக்கஸ் பாக்டீரியா வம்சங்கள், மருத்துவமனைக் கழிவு நேரடியாக வராத நிலையங்களிலும் இருந்தன. மரபணு ஒப்பீடு குற்றம் சாட்ட மட்டுமல்ல, விடுவிக்கவும் செய்யும். அதே பகுதியில் பண்ணை விலங்குகளின் ஈகோலி பாக்டீரியாவையும் நோயாளிகளின் ரத்தத்தில் கிடைத்த ஈகோலியையும் ஒப்பிட்டபோது, அண்மையில் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குப் பரவியதற்கான சான்று மிகக் குறைவாகவே கிடைத்தது.

நம் பக்கத்துக் கதை இன்னும் சிக்கலானது. 2010இல் வெளியான என்டிஎம்-1 ஆய்வின் முதல் ஆசிரியர் சென்னைப் பல்கலைக்கழகத்தின் கார்த்திகேயன் குமாரசாமி. சென்னை நோயாளிகளின் மாதிரிகளும் அதில் இருந்தன. என்டிஎம்-1 ஒரு கிருமி அல்ல, மருந்தை முறிக்கும் நொதிக்கான மரபணு. ஒரு பாக்டீரியாவிலிருந்து வேறு இன பாக்டீரியாவுக்கே தாவக்கூடியது. ஆகவே கிருமியின் வம்சத்தை மட்டும் பின்தொடர்ந்தால் போதாது. மறு ஆண்டு டெல்லித் தெருக்களில் தேங்கிய நீரின் 171 மாதிரிகளில் 51இலும், குழாய்த் தண்ணீரின் 50 மாதிரிகளில் 2இலும் அது கண்டறியப்பட்டது. அதன் பெயரில் டெல்லி (‘என்டி’ என்பது நியூ டெல்லி) இருக்கலாமா என்ற சர்ச்சைக்குக் கிடைத்த கவனம் அந்த இரண்டு குழாய்களுக்குக் கிடைக்கவில்லை என்பது எனக்கு இன்றும் ஆறாத வருத்தம்.

நம் வாசகர்களில் செவிலியர்கள், ஆய்வக நுட்பர்கள், வார்டைத் துடைத்துச் சுத்தம் செய்பவர்கள், கழிவுநீர் வாரியப் பணியாளர்கள் பலர் உண்டு. உங்கள் இடத்தில் தொட்டியின் வடிகாலை யார், எப்போது, எதைக்கொண்டு சுத்தம் செய்கிறார்கள், தொற்று வந்தால் என்ன பேசிக்கொள்கிறார்கள் என்று எழுதி அனுப்புங்கள். உங்கள் பெயரோ மருத்துவமனையின் பெயரோ வேண்டாம். வரும் கடிதங்களை அடுத்தடுத்த இதழ்களில் வெளியிடுவோம்.

அன்புடன்,
ஆசிரியர்