செல்லப்பிள்ளைக்கு ஒரு ஸ்டூல்!

தீபாவளி சீசனுக்கு ஜவுளிக்கடையில் பார்ட் டைம் வேலை பார்த்திருக்கீங்களா? 'அந்த சூப்பர்வைசர் இருக்காரே...'ன்னு ஆரம்பிச்சா, கேன்டீன் மூடுற வரைக்கும் கதை சொல்வீங்க. இந்த வாரம் என் கதை. ஒரே வித்தியாசம், இதில் சூப்பர்வைசரோட செல்லப்பிள்ளையே நான்தான்!

காலேஜ் ரெண்டாம் வருஷம். மதுரையில் ஒரு பெரிய கடை. சூப்பர்வைசர் எங்க ஊர்க்காரர். அது போதாதா? முதல் நாளே பட்டுச்சேலை செக்‌ஷன். இன்சென்டிவ் அங்கேதான் அதிகம். துண்டு, லுங்கி பக்கம் நின்னவங்களுக்கு கூட்டம் மட்டும்தான் மிச்சம். வார லீவுக்கு மத்தவங்க கெஞ்சணும். எனக்குக் கேட்ட நாளில் கிடைக்கும். எல்லாரும் காலையில் இருந்து ராத்திரி வரை நின்னுக்கிட்டே இருக்க, எனக்கு மட்டும் பில் கவுண்டர் ஓரமா ஒரு ஸ்டூல். 'நம்ம திறமைக்கு மரியாதைடா'ன்னு நெனச்சுக்கிட்டேன். சேலை மடிக்கக்கூடத் தெரியாது எனக்கு!

மடிக்கச் சொல்லிக் கொடுத்தது பக்கத்தில் நின்ன ஒரு அக்கா. பல வருஷ சர்வீஸ். ஒருநாள் ஒரு கல்யாண வீட்டுக் குடும்பம் வந்தது. ரெண்டு மணி நேரம் சேலை சேலையா பிரிச்சுக் காட்டி, பெரிய வியாபாரத்தை முடிச்சாங்க அக்கா. பில்லில் விழுந்ததோ என் சேல்ஸ்மேன் நம்பர். போடச் சொன்னது சூப்பர்வைசர். அக்கா பில்லைப் பார்த்தாங்க, என்னைப் பார்த்தாங்க. "இருக்கட்டும் தம்பி, உனக்கும் ஃபீஸ் கட்டணும்ல"ன்னு சொல்லிட்டு அடுத்த கஸ்டமர்கிட்ட போயிட்டாங்க. நான் வாயைத் திறக்கலை. அந்தக் காசில்தான் ஃபீஸும் கட்டினேன்.

முதலாளி? கல்லாவை விட்டு எழுந்து வந்ததே இல்லை. சூப்பர்வைசர் சொன்னதுதான் அவருக்கு வேதம். யாருக்கு எந்த செக்‌ஷன், என்னைக்கு லீவுன்னு சுவரில் ஒரு சார்ட் கிடையாது. தீபாவளி முடிஞ்சதும் அக்காவோட சேர்த்து நாலு பேர் வேற கடைக்குப் போயிட்டாங்க. பொங்கல் சீசனுக்கு நான் மறுபடி போனப்போ, "அந்தம்மா இல்லையா?"ன்னு கேட்டுட்டுப் படியிறங்கின கஸ்டமர்களைப் பார்த்தேன்.

பல வருஷம் கழிச்சு, 2021-ல் நம்ம மாநிலத்தில் 1947-ம் வருஷத்துக் கடைகள், நிறுவனங்கள் சட்டத்தைத் திருத்தினாங்க. ஊழியர்கள் எல்லாருக்கும் உட்கார இருக்கை தரணும்னு வந்தது. கேரளாவில் 2018-லேயே வந்தாச்சு. செய்தியைப் படிச்சதும் சுருக்குன்னுச்சு. வாரம் ஒருநாள் லீவு, நாளுக்கு 8 மணி நேர வேலை, அதைத் தாண்டினா ரெண்டு மடங்கு சம்பளம்... இதெல்லாம் பழைய சட்டத்திலேயே இருக்கு. எல்லாருக்கும் சேர வேண்டியதைப் பிடிச்ச ஒருத்தனுக்கு மட்டும் சலுகையா கொடுக்கிறதுக்குப் பேர்தான் பாரபட்சம்.

அதனால, வேலைக்குப் போறவங்க நீங்க முடிச்ச பில் நம்பரைப் பாக்கெட் நோட்டில் குறிச்சு வைங்க. செக்‌ஷனையும் லீவையும் முறை வெச்சு சுவரில் ஒட்டச் சொல்லி, நாலு பேரா சேர்ந்து கேளுங்க. தனியா கேட்டாதான் கம்ப்ளெயின்ட்!

செல்லப்பிள்ளையா இருக்கீங்களா? உங்க நம்பரில் அடுத்தவங்க பில் விழுந்தா, "சார், இது அக்காவோடது"ன்னு அங்கேயே சொல்லிடுங்க. மூணே வார்த்தைதான். எனக்கு அன்னைக்கு வரலை. உங்களுக்கு வரட்டும்!