படம் பளிச், பேச்சு எங்கே?

"தமிழ் எச்.டி. சேனலில் படம் பளிச்சென்று வருகிறது, சத்தம்தான் வரவில்லை" என்று வாடிக்கையாளர் முதலில் வந்து நிற்பது டி.வி. விற்ற நம் கடையில்தான். பல நேரம் டி.வி.யில் பழுதே இருப்பதில்லை. சில எச்.டி. சேனல்கள் டால்பி முறையில் ஒலியை அனுப்புகின்றன. அம்முறையை ஏற்காத டி.வி. படத்தை மட்டும் காட்டிவிட்டு ஊமையாகிவிடும். செட்டாப் பாக்ஸ் மெனுவில் ஒலி அமைப்பை பி.சி.எம். அல்லது ஸ்டீரியோ என மாற்றினால் பெரும்பாலும் சரியாகிவிடும்.

இணைப்பு கொடுக்கும் அன்றே டி.டி.எச். நிறுவனத்தார் இதைச் செய்து தர வேண்டாமா? சந்தா அவர்களுக்கு, பழி நமக்கு என்பது நியாயமல்ல. நாமும் இதைச் சாக்காக வைத்துப் புது டி.வி. விற்கப் பார்க்கக் கூடாது. கடைப் பையன்களுக்கு இதைக் கற்றுக்கொடுப்போம். ஐந்து நிமிட உதவியை வாடிக்கையாளர் மறக்க மாட்டார்.