விடிந்த பிறகு

‘இதெல்லாம் நம் மண்ணில் விளைந்ததில்லை ஐயா, வெள்ளைக்காரன் விட்டுப்போன வியாதி!’ என்றார் பாகூர்ப் பக்கத்து நண்பர் ஒருவர். படித்தவர், நிலபுலன் உள்ளவர், என் கதைகளை வாசித்துவிட்டுத் தவறாமல் கடிதம் எழுதுகிறவர். திருநங்கையரும், ஆணை நேசிக்கும் ஆண்களும், பெண்ணை நேசிக்கும் பெண்களும் தங்களைப் பற்றித் தாங்களே கவிதை எழுதுவதும் மேடையேறி நடிப்பதும் அவருக்குச் சகிக்கவில்லை. ‘பால்புதுமையர் என்கிறார்களே, அந்தச் சொல்லிலேயே புதுமை இருக்கிறதே, வேறென்ன சாட்சி வேண்டும்?’ என்று மடக்கினார்.

சொல் புதிதுதான், ஒப்புக்கொள்கிறேன். ஆள் புதிதா?

அவர் ஊருக்குப் பக்கத்திலேயே இருக்கிறது பிள்ளையார்குப்பம். அங்கே கூத்தாண்டவருக்குக் கோயில் உண்டு. கூவாகத்தைப் போலவே அங்கும் திருநங்கையர் அரவானை வரித்துத் தாலி கட்டிக்கொள்கிறார்கள். களப்பலியாகப் போகிறவனுக்கு ஒருநாள் மனைவியாக, கண்ணனே மோகினியாகி வந்தான் என்பது கதை. விடிந்ததும் தாலி அறுபடும், வளையல் உடையும், ஒப்பாரி எழும். அந்தச் சாமியைக் கும்பிட்டுக் கன்னத்தில் போட்டுக்கொள்கிறவர்களில் என் நண்பரும் ஒருவர்.

மழை பொய்த்தால் விராட பருவம் படிப்பது நம் கிராமங்களின் வழக்கம். அந்தப் பருவத்தில் அர்ச்சுனன் யார்? பிருகன்னளை! மழைக்குப் பிருகன்னளை வேண்டும். வீட்டுக்கு மட்டும் வேண்டாமோ?

நாடகத்தையும் பாருங்கள். சங்கரதாஸ் சுவாமிகள் 1922இல் காலமானது புதுச்சேரியில்தான். அவரிடம் பயின்ற பிள்ளைகளில் ஒருவர் தி. க. சண்முகம். அவர் ஔவையாராக நடித்தார். ‘அவ்வை சண்முகம்’ ஆனார். ஓர் ஆணுக்கு ஒரு பெண்ணின் பெயரை விருதாகச் சூட்டினோம். அந்தப் பெயரைச் சென்னையில் ஒரு சாலைக்கும் வைத்தோம். அப்போது யாருடைய கலாசாரமும் கெட்டுப்போகவில்லை.

அப்படியானால் வெள்ளைக்காரன் விட்டுப்போனது எது? சட்டம்! 1860இல் ஆங்கிலேயன் எழுதிய தண்டனைச் சட்டத்தின் 377ஆம் பிரிவு. பிரெஞ்சுக்காரனோ, வயது வந்த இருவர் மனமொத்து நேசிப்பது குற்றமல்லவென்று, 1791லேயே அதைத் தன் குற்றச் சட்டத்திலிருந்து நீக்கிவிட்டான். வில்லியனூரும் பாகூரும் பிரெஞ்சுக் கொடியின் கீழ் இருந்த ஊர்கள். 1954இல் அந்தக் கொடி இறங்கிற்று. ஆங்கிலேயன் எழுதிய சட்டம் இங்கே வந்தது 1963இல். அவன் கப்பலேறிப் பதினாறு வருஷங்களுக்குப் பிறகு! வயது வந்தோர் மனமொத்த உறவு குற்றமாகாது என்று உச்ச நீதிமன்றம் சொல்ல 2018 செப்டம்பர் 6 வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. 2024இல் அந்தச் சட்டப் புத்தகமே போய்விட்டது. என் நண்பரோ இன்னும் அதை மனப்பாடமாக வைத்திருக்கிறார்.

அவரைச் சுடுவது எது என்று எனக்குத் தெரியும். கூத்தில் பெண் வேஷம் கட்டியவன் விடிந்ததும் அரிதாரத்தைக் கழுவிவிட்டு ஆம்பிளையாக வீட்டுக்குப் போய்விடுவான். ‘வெள்ளை மொழி’ எழுதிய ரேவதி, அ. மங்கையின் இயக்கத்தில் தன் வாழ்க்கையைத் தானே தனியாக மேடையில் நடிக்கும்போது, கழுவிவிட அங்கே அரிதாரம் இல்லை. 2007இல் ‘நான், வித்யா’ எழுதிய லிவிங் ஸ்மைல் வித்யாவுக்கும், ‘குறி அறுத்தேன்’ என்று கவிதைத் தொகுப்புக்கே பெயர் வைத்த கல்கி சுப்ரமணியத்துக்கும் அப்படித்தான். விடிந்த பிறகும் அவர்கள் அவர்களே. வேஷத்தை வணங்குகிற நமக்கு, வேஷமில்லாத மனுஷியைக் கண்டால் கூசுகிறது!

எங்கள் ஜாதியும், அதாவது எழுத்தாளர் ஜாதியும், இதில் யோக்கியமில்லை. சு. சமுத்திரம் ‘வாடாமல்லி’ எழுதினார். கண் கலங்க வாசித்தீர்கள். அது செய்ய வேண்டிய காரியம்தான். ஆனால், அவர்களைப் பற்றி நாங்கள் எழுதினால் இரக்கம், அவர்களே எழுதினால் அருவருப்பு என்றால் அது என்ன ரசனை? இந்தப் புதுக் கவிதைகளில் சில வெறும் கூச்சல். சில நாடகங்கள் வெறும் பிரசங்கம். அதைச் சொல்லுங்கள், அது விமர்சனம். எழுதவே கூடாது என்பது விமர்சனமல்ல, வாயைப் பொத்துவது.

அரவானுக்குக் கோயில் இருப்பதால் திருநங்கைக்காவது ஒருநாள் கிடைத்தது. ஆணை நேசிக்கும் ஆணுக்குத் தேரும் இல்லை, திருவிழாவும் இல்லை. வில்லியனூரில் ஒரு வீட்டு மாடியில் பரீட்சைப் புத்தகத்துக்குள் ஒளித்து அவன் கவிதை எழுதிக்கொண்டிருக்கலாம். அவனுடைய அப்பா நீங்களாகவும் இருக்கலாம். அந்தக் காகிதம் ஒருநாள் உங்கள் கையில் அகப்பட்டால் என்ன செய்வீர்கள் என்பதே கேள்வி. கலாசாரம் பற்றிய மற்றப் பேச்செல்லாம் அப்புறம்.

ராத்திரியெல்லாம் கண் விழித்துக் கூத்துப் பார்க்கத் தெரிந்தவர்கள் நாம். விடிந்த பிறகும் கண்ணைத் திறந்து வைத்திருக்கக் கற்றுக்கொள்வோம்.