நாலு மணி நேரம்தானே!



போன வாரம் ஒரு துக்க வீட்டுக்குப் போயிருந்தேன். இறந்தவர் என் பழைய மாணவன் ஒருவனின் தகப்பனார். துபாயிலிருந்து மகன் வந்து சேர்ந்தபோது அடக்கம் முடிந்து இரண்டு மணி நேரம் ஆகியிருந்தது. திண்ணையில் ஒருவர் சொன்னார்: "நாலு மணி நேரப் பயணம். மனசிருந்தா வந்திருக்க மாட்டானா?" அது அவன் காதிலும் விழுந்தது. துக்க வீட்டில் வாதம் கூடாதென்று அன்று நான் வாய் திறக்கவில்லை. இங்கே சொல்கிறேன்.

நாலு மணி நேரம் என்பது துபாய் விமான நிலையத்துக்கும் திருவனந்தபுரம் விமான நிலையத்துக்கும் நடுவில் உள்ள கணக்கு. இந்த இரண்டு இடத்திலும் நம்ம பிள்ளை குடியிருக்கவில்லை. அறையிலிருந்து விமான நிலையம் போக ஒரு மணி நேரம். மூன்று மணி நேரம் முன்னதாகப் போய் நிற்க வேண்டும். பறப்பது நாலு. இறங்கிக் குடியேற்றச் சோதனை, பெட்டி எல்லாம் முடிய ஒரு மணி நேரம். பிறகு பாலோடு, குளத்துப்புழை, தென்மலை, ஆரியங்காவு, செங்கோட்டை என்று மலை ஏறி இறங்கி, சுமார் 120 கிலோமீட்டர் வர மூன்றரை மணி நேரம். மழைக்காலம் என்றால் அதுவும் நிச்சயமில்லை. கூட்டிப் பாருங்கள், பன்னிரண்டரை. அதுவும் டிக்கெட் உடனே கிடைத்து, முதலாளியும் உடனே அனுப்பினால்தான். சவுதியில் இருப்பவனுக்குப் போய்த் திரும்புவதற்கான விசா வேலை வேறு.

கடிகாரமும் ஏமாற்றும். துபாய் நம்மைவிட ஒன்றரை மணி நேரம் பின்னால். அங்கே இரண்டு மணிக்குக் கிளம்புகிறவன் ஆறு மணிக்கு இறங்குவான் என்று வீட்டில் கணக்குப் போடுகிறார்கள். அப்போது இங்கே மணி ஏழரை.

வகுப்பில் உலக உருண்டையில் நூல் பிடித்து அளந்தது நினைவிருக்கிறதா? கடையநல்லூரிலிருந்து கிழக்கே சிங்கப்பூரும் மேற்கே துபாயும் ஏறக்குறைய ஒரே தூரம்தான், சுமார் 3,000 கிலோமீட்டர். நம் தாத்தாக்கள் கிழக்கே போனார்கள். 1941-லேயே சிங்கப்பூரில் கடையநல்லூர் முஸ்லிம் லீக் தொடங்கி, 1946-ல் உமறுப்புலவர் தமிழ்ப் பள்ளியையும் நடத்தியவர்கள் அவர்கள். நாகப்பட்டினத்தில் 'ராஜுலா' கப்பல் ஏறினால் சிங்கப்பூர் போக ஏறக்குறைய ஒரு வாரம். தகப்பன் சாவுக்கு வரவில்லையே என்று அவர்களை யாரும் ஏசவில்லை. கடல் எவ்வளவு பெரிது என்று ஊருக்குத் தெரிந்திருந்தது. விமானம் வந்த பிறகு தூரம் குறைந்ததோ இல்லையோ, பழி கூடிவிட்டது.

சீக்கிரம் அடக்கம் செய்வது முறை. அதை மாற்றச் சொல்ல நான் யார்? நேரம் குறிக்கும் முன் அவனிடம் ஒரு வார்த்தை கேளுங்கள்: "வாசலில் எத்தனை மணிக்கு நிற்பாய்?" காத்திருக்க முடியாதென்றால், விமானம் ஏறும் முன்பே சொல்லிவிடுங்கள். இவன் தென்மலை இறக்கத்தில் வரும்போதுதான் போன் வந்ததாம்.

வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகளே, "கூப்பிட்டா நாலு மணி நேரத்துல வந்துருவேம்மா" என்று அம்மாவிடம் சொல்லாதீர்கள். பாவம், அவர்கள் அதை அப்படியே நம்புகிறார்கள்.

அந்தத் திண்ணைக்காரரும் இதைப் படிப்பார். என் உறவுதான். அவனுக்கு ஒரு போன் போடுங்கள், மச்சான்.