முகவரி யாருடையது?

1971ஆம் ஆண்டில் ரே டோம்லின்சன் என்னும் அமெரிக்கப் பொறியாளர், கணினி வலையமைப்பின் வழியே முதல் மின்னஞ்சலை அனுப்பினார். தொடக்கக் காலத்தில் பல்கலைக்கழகங்களும் ஆய்வு நிலையங்களும் தத்தம் கணினிகளிலேயே அஞ்சல்களைக் கையாண்டன. இன்றோ, பெரும்பாலோரின் கடிதங்கள் ஒரு சில பெருநிறுவனங்களின் கணினிகளில் குவிந்து கிடக்கின்றன. இதை விரும்பாத ஆர்வலர் சிலர், வீட்டு அகண்ட அலைவரிசை இணைப்பிலேயே சொந்த மின்னஞ்சல் வழங்கியை நடத்த முனைகின்றனர். இம்முயற்சி தேவைதானா?

அவர்களின் கவலை நியாயமானது. பள்ளி, வங்கி, அரசாங்க அலுவலகம் என எல்லாவற்றுக்கும் மின்னஞ்சல் முகவரியே இன்று திறவுகோல். இலவசக் கணக்கு ஒரு நாள் முடக்கப்பட்டால், அந்தக் கதவுகள் அனைத்தும் ஒரே நேரத்தில் அடைபடும். சொந்த வழங்கியை அமைக்கப் பெருஞ்செலவும் ஆகாது. உள்ளங்கையளவு கணினியும் இலவச மென்பொருளும் போதும். மின்தடை ஏற்பட்டாலும் அஞ்சல் உடனே தொலைந்துவிடாது. அனுப்பும் வழங்கி பொதுவாகச் சில நாள்கள்வரை மீண்டும் மீண்டும் முயலும்.

ஆயினும், பெறுவது எளிது, அனுப்புவதே கடினம். அஞ்சல் வழங்கிகள் ஒன்றோடொன்று தொடர்புகொள்ளும் 25ஆம் எண் வாயிலை, இணையச் சேவை நிறுவனங்கள் பல வீட்டு இணைப்புகளுக்கு அடைத்துவிடுகின்றன. நச்சுநிரல் புகுந்த வீட்டுக் கணினிகள் குப்பை அஞ்சல்களை அள்ளி வீசியதே இதற்குக் காரணம். மேலும், வீட்டு இணைப்பின் எண் முகவரி அவ்வப்போது மாறக்கூடியது. எனவே, பிற வழங்கிகள் அதை எளிதில் நம்புவதில்லை. 2024ஆம் ஆண்டில் கூகளும் யாகூவும் அனுப்புநரின் அடையாளத்தைச் சரிபார்க்கும் விதிகளை மேலும் இறுக்கின. இதனால், உபகாரச் சம்பளத்திற்காக ஒரு மாணவர் அனுப்பும் கடிதம், யாரும் திறந்து பார்க்காத குப்பைப் பெட்டியில் விழுந்து கிடக்கலாம். அனுப்பியவருக்கு அது தெரியவே தெரியாது.

காவலும் தேவை. பூட்டாத வீட்டில் திருடன் நுழைவதுபோல, பாதுகாப்பைப் புதுப்பிக்காத வழங்கியில் குப்பை அஞ்சல் அனுப்புவோர் புகுந்துவிடுவர். பழி வீட்டுக்காரரையே சேரும்.

ஆகவே, கற்றுக்கொள்வதற்காக வீட்டில் வழங்கி நடத்துவது மிக நன்று. முக்கியக் கடிதங்களை அதை மட்டுமே நம்பி அனுப்புவது நன்றன்று. இயந்திரத்தைவிட முகவரியைச் சொந்தமாக்கிக்கொள்வதே முதன்மையானது. ஆண்டுக் கட்டணம் செலுத்திச் சொந்த இணையப் பெயரைப் பதிந்துகொண்டு, அஞ்சலைச் சுமக்கும் பணியை நம்பகமான நிறுவனத்திடம் ஒப்படைக்கலாம். நிறுவனம் பிடிக்காவிட்டால், முகவரியை மாற்றாமலேயே வேறிடம் செல்லலாம். கட்டணத்தைத் தவணை தவறாமல் செலுத்துவதும் கடிதங்களுக்கு வீட்டில் ஒரு நகல் வைத்திருப்பதும் உரியவரின் கடமை. தபால்காரர் மாறலாம், வீட்டு முகவரி மாறக் கூடாது.