திரையில் நெல்லின் பெயர் தெரிய வேண்டும்: ஒரு கோரிக்கைச் சாசனம்

திருத்துறைப்பூண்டி வட்டாரத்தில் கூட்டம் கூட்டுகிற அலுவலகங்களுக்கும் பள்ளிகளுக்கும், மண்டபம் வைத்திருப்பவர்களுக்கும், ஸ்லைடு தயாரிக்கிற எல்லோருக்கும்:

பக்கத்து ஆதிரெங்கத்தில் 2006 முதல் நெல் திருவிழா கண்ட மண் இது. 174 பாரம்பரிய ரகங்களை மீட்டவர் என்று நெல் ஜெயராமனை நாடே சொல்கிறது. இன்று கூட்டங்களில் ரகத்தின் பெயர், வயது, ஏற்ற நிலம் எல்லாவற்றையும் திரையைப் பார்த்துத்தான் விவசாயி குறித்துக்கொள்கிறார். மாப்பிள்ளைச் சம்பா இருக்க வேண்டிய இடத்தில் ஆங்கில எழுத்துகளும் அரைப்புள்ளிகளும் நின்றால் எதைக் குறிப்பார்? கோப்பு கெட்டுப்போகவில்லை. பாமினி என்ற பழைய எழுத்துருவில் தட்டிய தமிழ், பாமினி இல்லாத கணினியில் அப்படித்தான் தெரியும்.

முதல் கோரிக்கை, எங்களைக் கேட்டால் முக்கால்வாசிக் கோரிக்கை: தமிழை யூனிகோடில் மட்டும் தட்டுங்கள். 2010 ஜூனிலேயே தமிழக அரசு இதற்கு ஆணை போட்டுவிட்டது. இன்னமும் பழைய எழுத்துருவில் சுற்றறிக்கை அடித்து, அதையே ஸ்லைடில் ஒட்டுவதற்கு என்ன நியாயம்? டி.டி.பி. சென்டரில் கொடுத்துச் செய்பவர்கள் 'யூனிகோடுதானே?' என்று கேட்டுவிட்டுக் காசைக் கொடுங்கள்.

யூனிகோடிலும் ஒரு கண்ணி இருக்கிறது. வெகுகாலம் விண்டோஸோடு வந்துகொண்டிருந்த லதா எழுத்துரு, விண்டோஸ் 10-இல் தனியாகச் சேர்த்துக்கொள்ள வேண்டிய தொகுப்புக்குப் போய்விட்டது. அது இல்லாத கணினி வேறொன்றைப் போட்டுக்கொள்ளும். எழுத்தின் அகலம் மாறும், வரி உடையும், அட்டவணையின் கடைசி வரி திரைக்குக் கீழே இறங்கிவிடும். பயிர்க் காப்பீட்டின் கடைசித் தேதி அந்த வரியில்தானே இருக்கும்! ஆகவே விண்டோஸ் 8 முதல் கூடவே வரும் நிர்மலாவில் தட்டுங்கள். வேறு எழுத்துரு வேண்டுமென்றால், பவர்பாயின்டின் சேவ் அமைப்பில் எழுத்துருவைக் கோப்புக்குள்ளேயே சேர்க்கும் வசதியை இயக்குங்கள். விண்டோஸுக்கும் பவர்பாயின்டுக்கும் பதிலாக பாஸ் லினக்ஸும் லிப்ரே ஆபீஸும் உள்ள இடத்தில் அதுவும் கைகொடுக்காமல் போகலாம். எனவே பென்டிரைவில் ஒரு பி.டி.எஃப். நகலும் கட்டாயம். அசைவும் வீடியோவும் அதில் ஓடாது, ஆனால் எழுத்து அப்படியே நிற்கும்.

வீடியோவை ஸ்லைடுக்குள்ளேயே செருகுங்கள். இணைப்பாக மட்டும் கொடுத்தால், உங்கள் வீட்டுக் கணினியின் ஃபோல்டரை மண்டபக் கணினி தேடிக்கொண்டிருக்கும். புதிய செல்போன்கள் சில, இடத்தை மிச்சப்படுத்த ஹெச்.265 வடிவில் பதிவு செய்கின்றன. பல கணினிகளில் அது திறக்காது. ஹெச்.264 எம்.பி.4 ஆக மாற்றிக்கொண்டு வாருங்கள். டெஸ்க்டாப் ஷார்ட்கட்டைக் காப்பி செய்துகொண்டு வருபவர்களிடம் கோரிக்கை வைத்துப் பயனில்லை, கூடவே ஒரு பிள்ளையை அனுப்பி வைக்கலாம்.

மண்டபத்தாருக்கு: என்ன விண்டோஸ், எந்த ஆண்டு ஆபீஸ், புரொஜெக்டர் பழைய நாலுக்கு மூன்றா, அகலத் திரையா, ஹெச்.டி.எம்.ஐ. ஒயரா, வி.ஜி.ஏ.வா என்பதை அழைப்பிதழோடு ஒரு வாட்ஸ்அப் செய்தியில் சொல்லிவிடுங்கள். கூட்டத்துக்கு அரை மணி முன்னால் கணினியைத் திறந்து கொடுங்கள். வரவேற்புரை நடக்கும்போது மேடை ஓரத்தில் பென்டிரைவைச் செருகிப் பார்க்கும் வழக்கம் ஒழிய வேண்டும்.

அந்தக் கணினியின் பாஸ்வேர்டு தெரிந்தவர், சாப்பாட்டுக்குப் போனாலும், கூட்டம் முடியும்வரை போனை எடுக்க வேண்டும்.