சர்க்கரைக்கு ரேகை, பீப்பாய்க்கு?

கள்ளக்குறிச்சி கருணாபுரத்திலே ரேஷன் கடைக்குப் போகும் தாய், சர்க்கரை வாங்க விரலை வைத்து ரேகை பதிக்கிறாள். அந்தக் கணமே அது சர்க்கார் கணினியில் ஏறிவிடுகிறது. கணக்கு வேண்டியதுதான், குறை சொல்லவில்லை. ஆனால் 2024 ஜூனில் அதே தெருவுக்கு மெத்தனால் வந்ததே, அதற்கு ரேகை வைத்தவர் யார்?

65 பேருக்கு மேல் மாண்டனர். பெரும்பாலோர் அன்றாடக் கூலிகள். உயிர் தப்பியவர்களில் சிலருக்குக் கண் போயிற்று.

தோழர்களே, மெத்தனால் மலையிலே ஊறல் போட்டுக் காய்ச்சும் சரக்கு அன்று. கல்வராயன் மலைமீது பழியைப் போட்டு நழுவுவோர் இதை மறைக்கிறார்கள். அது ஆலைச் சரக்கு. பெயிண்டுக்கும் பசைக்கும் மூலப்பொருள். நம் நாட்டுத் தேவையில் பெரும்பகுதி ஈரான், சவுதி, ஓமன் முதலிய நாடுகளிலிருந்து கப்பலில் வருகிறது. இறக்குமதிச் சரக்கு என்ன, எடை எவ்வளவு, விலை என்ன, வாங்குபவர் யார் என்பதெல்லாம் சுங்க இலாகாவின் மின்னணு ஏட்டில் ஏறுகிறது. வங்கியும் கப்பல் கம்பெனியும் சுங்கமும் கடல் தாண்டிப் பேசிக்கொள்கின்றன. வரி போய்விடக் கூடாதே!

டாங்கரிலிருந்து பீப்பாய்க்கு மாறியதும் அந்தப் பார்வை மங்கிவிடுகிறது. லாரிச் சரக்குக்கு 2018 முதல் இ-வே பில் உண்டு. ஆனால் அது விலை பார்த்தே கண் விழிக்கும். மாநிலம் தாண்டினால் 50,000 ரூபாய், தமிழ்நாட்டுக்குள் என்றால் ஒரு லட்சம். 200 லிட்டர் பீப்பாய் மெத்தனாலோ சில ஆயிரம் ரூபாய்தான். ஒரு தெருவையே சுடுகாடாக்கும் சரக்கு, வலைக்கண்ணில் மீன்குஞ்சு போல நழுவிவிடும். அது வரிக்காக நெய்த வலையன்றோ!

விதி இல்லையா? இருக்கிறது. மெத்தில் ஆல்கஹாலுக்கு 1959-ஆம் ஆண்டு விதிகளே உண்டு. உரிமம் ஒரு இலாகாவிடம், பில் இன்னொன்றிடம், இறக்குமதி ஏடு மற்றொன்றிடம். மூன்றையும் பக்கத்தில் வைத்து, வந்தது எவ்வளவு, ஆலையில் செலவானது எவ்வளவு, மிச்சம் எங்கே என்று கேட்பதற்கு அயல்நாட்டு நிபுணர் வேண்டுமா? 2023 மே மாதம் மரக்காணத்திலும் செங்கல்பட்டுப் பக்கத்திலும் 20 பேருக்கு மேல் செத்தபோதே கேட்டிருக்க வேண்டிய கேள்வி இது.

2024 ஜூன் இறுதியில் சட்டசபை மதுவிலக்குச் சட்டத்தைத் திருத்தி, ஆயுள் தண்டனை, பத்து லட்சம் அபராதம் என்றது. நவம்பரில் ஐகோர்ட் வழக்கை சி.பி.ஐ.யிடம் ஒப்படைத்தது. சரி. ஆனால் தண்டனை பிணம் விழுந்த பின்பே வரும்.

மெத்தனாலுக்கு மட்டும் விலை வரம்பை நீக்க வேண்டும். பீப்பாய்தோறும் எண், எண்தோறும் பில், வாங்கிய ஆலையின் கையெழுத்து, மூன்று இலாகாக்களுக்கும் ஒரே ஏடு: இவை வேண்டும். நமது தோழர்கள் தெருமுனைக் கூட்டங்களில் இதைக் கேட்கட்டும்.